முன் கண்ணாடியை நாமே மாட்டிவிடலாமா?

ஆடி மாதக் காற்று எங்கள் கோபிப் பக்கம் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாழைக்கு முட்டுக் கொடுத்தே கை ஓய்ந்துபோகும். இந்த வருஷம் அந்தக் காற்று வாழையோடு நிற்கவில்லை. பொடக்காலித் தென்னையிலிருந்து ஒரு நெத்துக்காய் விழுந்து, கீழே நிறுத்தியிருந்த எங்கள் காரின் முன் கண்ணாடியில் சரியாக உட்கார்ந்தது. "மரத்துக்கு அடியில வண்டிய நிறுத்தாதீங்க" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நிழல் நிழல் என்று கேட்டால்தானே. (காயை மறுநாள் சட்னிக்கு உடைத்தேன். பருப்பு நன்றாகத்தான் இருந்தது.)

கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை மாதிரி கீறல். ஆனால் ஒரு சில்லுகூட உள்ளே கொட்டவில்லை. உட்பக்கம் தடவிப் பார்த்தால் வழவழவென்றே இருந்தது.

இது நடந்தது திங்கட்கிழமை பொழுதோடு. வியாழக்கிழமை வெடியால என் மாமியாரைக் கோயமுத்தூருக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். புரை எடுத்த கண்ணுக்கு மறு பரிசோதனை. ஒரு மாசம் முன்பே வாங்கி வைத்த தேதி.

அன்று ராத்திரியே ஆசாரத்தில் ஆலோசனை கூடிவிட்டது. கொழுந்தனார்தான் ஆரம்பித்தார். "எதுக்குங்கண்ணா கடைக்குப் போயி ஏழாயிரம் எட்டாயிரம் தண்டம் அழுவறது? போன வருஷம் என்ற வண்டிக்கு நானே போடலையா? உக்கடத்துல பழைய கண்ணாடி ரெண்டாயிரத்து ஐநூறு. ஹார்டுவேர் கடையில ரெண்டு டியூப் பேஸ்ட்டு. மூவாயிரத்துல சோலி முடிஞ்சுது" என்றார். என் மகன் அதற்குள் போனில் நாலு படம் பார்த்துவிட்டு, "ரொம்ப ஈஸிப்பா" என்கிறான். எங்கள் வீட்டுக்காரருக்கும் ஆசை வந்துவிட்டது. மறைப்பானேன், சரி என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. நாலாயிரம் மிச்சம் என்றால் எந்தப் பெண்பிள்ளைதான் வேண்டாம் என்பாள்?

நான் தலையாட்டியதற்கு வேறு காரணமும் உண்டு. வீட்டு வாசலிலேயே முன் கண்ணாடி மாட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குப் பத்து வயசு இருக்கும். அப்பாவிடம் ஒரு பழைய அம்பாஸடர் இருந்தது. சத்தி ரோட்டில் வரும்போது முன்னால் போன லாரியின் சக்கரத்தில் தெறித்த கல் ஒன்று பட்டது. ஒரே நொடியில் கண்ணாடி பூராவும் வெள்ளையாகி, கற்கண்டைக் கொட்டின மாதிரி அம்மா மடியில் கொட்டிவிட்டது. பெரிய காயம் ஒன்றுமில்லை. ஆனால் சீட்டு இடுக்கிலிருந்து அடுத்த பொங்கல் வரைக்கும் சில்லு பொறுக்கினோம்.

புதுக் கண்ணாடி ஈரோட்டிலிருந்து வைக்கோல் சுற்றி வந்தது. அப்பாவும் டிரைவரும் அதைக் கட்டிலில் படுக்கவைத்து, சுற்றிலும் ரப்பர் பீடிங்கைப் போட்டார்கள். அந்த ரப்பரில் இரண்டு காடி இருக்கும். ஒன்றில் கண்ணாடி உட்காரும். மற்றதில் வண்டியின் தகரவிளிம்பு உட்கார வேண்டும். அந்த இரண்டாவது காடிக்குள் சுற்றிலும் ஒரு பருத்திக் கயிற்றைப் பதித்து, இரண்டு நுனியையும் தொங்கவிட்டார்கள். என் வேலை சோப்புத் தண்ணீர் தடவுவது. கண்ணாடியைத் தூக்கி வெளிப்பக்கமிருந்து வைத்து, கயிற்று நுனிகளை உள்ளே விட்டு, டிரைவர் வெளியே நின்று உள்ளங்கையால் தட்டத் தட்ட, அப்பா உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெள்ள இழுத்துக்கொண்டே வந்தார். கயிறு வர வர, ரப்பரின் உதடு தகரத்தின் மேல் மடிந்து ஏறிக்கொண்டது. கோணிப் பை தைக்கிற மாதிரி அவ்வளவு அழகாக! ஒரு மணி நேரத்தில் முடிந்து, டிரைவர் காப்பி குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தப் பழைய நினைப்பில்தான் நானும் ஏமாந்தேன்.

செவ்வாய்க்கிழமை, விலையை மட்டும் விசாரித்து வரலாம் என்று கோபியிலேயே ஒரு கண்ணாடிக்கடைக்குப் போனோம். கொழுந்தனார் தன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். கடைத் தம்பியிடம் எங்கள் வீட்டுக்காரர் மறைக்காமல், "கண்ணாடிய மட்டும் வாங்கிக் குடுத்துருங்க தம்பி, நாங்களே ஒட்டிக்கறோம்" என்றார். அந்தத் தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. "வண்டிய நீங்களே ஒட்டினீங்களாங்க?" என்று கொழுந்தனாரின் காரைக் காட்டிக் கேட்டார். இவர் பெருமையாக ஆமாம் என்றார். தம்பி உள்ளே ஏறி உட்கார்ந்து, மேல் மூலையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து மெதுவாக ஒரு தள்ளுத் தள்ளினார்.

கண்ணாடி ஒரு விரற்கடை வெளியே போனது.

எங்கள் யாருக்கும் பேச்சு வரவில்லை. அந்தக் காரில்தான் தினமும் கொழுந்தனாரின் இரண்டு குழந்தைகளும் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். ஓரத்து ரப்பரைத் தூக்கிப் பார்த்தால், தகரம் துருப்பிடித்துப் பொரிந்திருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி, கால்மிதியடிக்கு அடியில் ஈரம் தேங்கிப் பூஞ்சக்காளான் பிடித்து ஒரு வாடை. ஏசி நாற்றம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்!

காரணத்தைத் தம்பி விளக்கினார். ஹார்டுவேர் கடையில் குளியலறைக்கும் மீன் தொட்டிக்கும் விற்கிறார்களே சிலிக்கான், ஒட்டும்போது புளித்த காடி வாடை வருமே, அந்த வாடைதான் அமிலம். அது காயும்போது தகரத்தை அரிக்கும். பிடிப்பும் போதாது. கார்க் கண்ணாடிக்குப் போடுவது பாலியூரிதேன் என்கிற கறுப்புப் பசை. பட்டறையில் பி.யூ. என்பார்கள். காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு இறுகி, ரப்பரும் இரும்பும் கலந்த மாதிரி ஆகிவிடும்.

"அக்கா, உங்கப்பா வண்டியில கண்ணாடி வேற, பாடி வேறங்க. காத்தும் மழையும் உள்ள வராம மறைச்சா அதுக்குப் போதும். இப்ப வர்ற வண்டியில கண்ணாடியும் பாடியில சேர்த்திங்க" என்றார் அவர். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் ஒட்டின முன் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. அதைவிட முக்கியம் ஏர்பேக். நம் நாட்டில் டிரைவர் பக்கத்து ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்தும், பக்கத்து இருக்கைக்கு உள்ளது 2021-லிருந்தும் புதுக் கார்களுக்குக் கட்டாயமாகியிருக்கிறது. பக்கத்து இருக்கைப் பை பல கார்களில் டேஷ்போர்டின் மேலிருந்து கிளம்பி, முன் கண்ணாடியில் மோதி, அதில் முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பவர் பக்கம் திரும்புகிறது. கண் இமைக்கிற நேரத்துக்குள் இத்தனையும். கண்ணாடி சரியாக ஒட்டாமலிருந்தால்? பை கண்ணாடியையும் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும்.

எங்கள் காரில் அந்த இருக்கை என் மாமியாருடையது. பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்பார்கள். நான் எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் தம்பியிடம், "நீங்களே போட்டுருங்க" என்றார்.

அப்படியானால் எந்த வண்டிக்கு நாமே போடலாம்? கண்ணாடியைச் சுற்றி உள்ளும் புறமும் தடித்த ரப்பர் சட்டம் இருந்து, கண்ணாடி அதற்குள் செருகி நின்றால் அது கயிறு இழுக்கிற ஜாதி. அம்பாஸடர், மாருதி 800, ஆம்னி, பழைய லாரி, டிராக்டர் கேபின் எல்லாம் இதில் சேர்த்தி. அம்பாஸடரும் 800-ம் 2014-லேயே உற்பத்தி நின்றுபோனாலும் நம் ஊர்களில் இன்னும் ஓடுகின்றன. வைத்திருப்பவர்கள், கை பழகிய ஒருவர் கூட இருந்தால், தாராளமாக வீட்டிலேயே மாட்டலாம். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புக் கரையும், கரை முடிகிற இடத்தில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகளும் இருந்தால் அது பசை ஜாதி. அந்தக் கறுப்பு அழகுக்கு இல்லை. வெயில் பட்டுப் பசை கெடாமல் இருக்கப் போட்ட மறைப்பு.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருந்தது. அப்பா காரில் கற்கண்டாகக் கொட்டிய கண்ணாடி, எங்கள் காரில் ஏன் கொட்டவில்லை? அது வேறு தினுசு, இது வேறு தினுசாம். கற்கண்டாக உடைவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த கண்ணாடி. இன்றும் பக்கவாட்டு ஜன்னல்களுக்கும் பின்னாலும் அதைத்தான் போடுகிறார்கள். முன்னால் போடுவது லாமினேட்டட். இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம், போளிக்குள் பூரணம் மாதிரி. உடைந்தாலும் சில்லு படலத்தை விட்டுப் போகாது. இது பிறந்த கதை வேடிக்கையானது. 1903-இல் பிரான்ஸ் தேசத்து ரசாயன நிபுணர் எதுவார் பெனடிக்டஸ் கைதவறிக் குடுவை ஒன்று கீழே விழ, விரிசல் விட்டும் அது சிதறவில்லையாம். என்னவென்று பார்த்தால், முன்பு அதிலிருந்த ஒரு திரவம் காய்ந்து உள்ளே தோலாகப் படிந்திருந்தது. அதிலிருந்து யோசித்து 1909-இல் காப்புரிமை வாங்கினார். நம் நாட்டில் 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதிப்படி, காரின் முன் கண்ணாடி லாமினேட்டட் ஆகத்தான் இருக்க வேண்டும். வாங்கும்போது மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். புடவையில் பட்டு முத்திரை பார்க்கத் தெரிந்த நமக்கு இது ஒரு பிரமாதமா?

கண்ணாடி கோயமுத்தூரிலிருந்து வந்து, புதன்கிழமை மத்தியானம் வேலை ஆரம்பித்தது. நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வைப்பரைக் கழற்றி, ஓரத்துப் பிளாஸ்டிக்கையெல்லாம் எடுத்து, சீட்டுக்குத் துணி போர்த்தினார்கள். பசையில் ஓர் ஓட்டை போட்டு மெல்லிய எஃகுக் கம்பியை நுழைத்து, ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, ரம்பம் இழுக்கிற மாதிரி மாற்றி மாற்றி இழுத்துச் சுற்றிலும் அறுத்தார்கள். பழைய பசையை அடிவரைக்கும் சுரண்டவில்லை. மெல்லிசாக ஒரு படை விட்டே சீவினார்கள். அந்தப் படையில்தான் புதுப் பசை நன்றாகப் பிடிக்குமாம். சுரண்டிப் பெயிண்ட் போய்விட்டால் துரு பிடிக்கும். கீறல் பட்ட இரண்டு இடத்தில் பிரைமர் தொட்டு வைத்தார்கள். புதுக் கண்ணாடியின் ஓரத்தைத் துடைத்து அதற்கும் பிரைமர். அப்புறம் அதைக் கையால்கூடத் தொட விடவில்லை. எண்ணெய்க் கை பட்டால் ஒட்டாதாம். பசையைத் துப்பாக்கியில் போட்டு, ஒரு இடத்திலும் அறாமல் முறுக்குப் பிழிகிற மாதிரி சுற்றிலும் ஒரே இழையாகப் பிழிந்தார் அந்தத் தம்பி. உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கைப்பிடிகளைக் கண்ணாடியில் ஒட்டி இருவருமாகத் தூக்கி, ஒரே தடவையில் இடத்தில் வைத்தார்கள். வைத்து எடுத்து நகர்த்துகிற வேலையே இல்லை. இதையா நம் வாசலில், ஆடிக்காற்றுப் புழுதியில், போனைப் பார்த்துக்கொண்டு செய்ய இருந்தோம்!

வேலை முடிய நாலு மணி. அங்கேதான் அடுத்த சிக்கல். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஓட்டாதீங்க" என்றார் தம்பி. எங்கள் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "வெடியால அஞ்சு மணிக்குக் கிளம்பணும் தம்பி. பாத்தா நல்லா ஒட்டின மாதிரித்தானே இருக்குது?" தம்பி பசைக் குழாயை எடுத்து, அதில் போட்டிருந்த நேரத்தைக் காட்டினார். சீக்கிரம் இறுகுகிற பசையும் உண்டு, விலை கூட, இன்று கடையில் இல்லை என்றார். எத்தனை நேரம் என்பதைப் பசை செய்த கம்பெனிதான் சொல்ல வேண்டும், நம் அவசரம் சொல்லக் கூடாது. அதனால் சகோதரிகளே, வேலைக்கு விடும் முன்பே "எந்தப் பசை, எத்தனை மணி நேரம்?" என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டோம்.

அன்று ராத்திரி வீட்டில் கொஞ்சம் சத்தம்தான். "மெதுவா ஓட்டினாப் போச்சு" என்றார் இவர். "கொழுந்தனார் கண்ணாடி வெளிய போனத பாத்தீங்கல்லங்க?" என்றேன் நான். மாமியார்தான் தீர்த்து வைத்தார்கள். "ஏம்மிணி, பஸ்ஸு ஓடலையா என்ன? பஸ்ஸுலயே போலாம். எனக்கு ஜன்னலோரம் புடிச்சுக் குடு" என்றார்கள். வியாழக்கிழமை கோபி பஸ் ஸ்டாண்டில் ஐந்தரை மணிக்கெல்லாம் ஏறி உட்கார்ந்தோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுமார் 80 கிலோமீட்டரும் வேடிக்கை பார்த்தபடி வந்தார்கள். தலை சுற்றல் எங்கே போயிற்றோ!

புதுக் கண்ணாடி மாட்டின முதல் நாளைக்குச் சில ஜாக்கிரதை வேண்டும். நாலு ஜன்னலில் ஒன்றை ஒரு விரலளவு இறக்கி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கதவை அறைந்தால், உள்ளே அடைபட்ட காற்று இறுகாத பசையைத் தள்ளும். ஓரத்தில் ஒட்டின டேப்பைச் சொல்லும்வரை பிய்க்கக் கூடாது. இரண்டு நாளைக்கு வாட்டர் சர்வீஸ் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த புது மாடல்களில், கண்ணாடி மாற்றினால் அந்தக் கேமராவையும் திரும்பச் சரிபார்த்து அமைக்க வேண்டும். அதற்கு வசதி உள்ள இடத்தில்தான் விட வேண்டும்.

பணத்துக்கு வருவோம். கண்ணாடி 5,400, பசையும் கூலியும் 1,800, ஆக 7,200 ரூபாய். இன்ஷூரன்ஸில் கேட்கலாமே என்று மகன் சொன்னான். மூன்றாம் நபர் பாலிஸி மட்டும் வைத்திருந்தால் கண்ணாடிக்குப் பைசா வராது. எங்களுடையது முழுப் பாலிஸி. கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். 1500 சி.சி. வரை உள்ள காருக்கு 1,000 ரூபாய் நாம் கட்டாயம் போட வேண்டும். அப்படியானால் 6,200 வரும். ஆனால் ஐந்து வருஷமாக ஒன்றும் கேட்காததால் எங்களுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி இருக்கிறது. கேட்டால் அது அடுத்த வருஷம் பூஜ்யமாகி, பிறகு 20, 25, 35, 45 சதவீதம் என்று ஏறி மறுபடி 50-க்கு வரவேண்டும். எங்கள் பிரீமியத்தில் தள்ளுபடிக்கு முன் அந்தப் பகுதி 6,000. மளிகைக் கணக்கு நோட்டிலேயே போட்டுப் பார்த்தேன். 3,000, 1,800, 1,500, 900, 300 என்று ஐந்து வருஷத்தில் 7,500 ரூபாய் கையை விட்டுப் போகும். 6,200 வாங்க 7,500 கொடுப்பதா? கைக்காசையே போட்டோம். கண்ணாடி விலை இதைப்போல் நாலைந்து மடங்கு ஆகிற பெரிய வண்டியென்றால் கணக்கு மாறிவிடும். தள்ளுபடியைக் காப்பாற்ற என்றே தனியாகப் பணம் கட்டியிருந்தாலும் மாறும். கேட்பதாக இருந்தால், கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துக் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியதும் உண்டு. கல் பட்டு ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்குகிற சின்னப் பொத்தல் என்றால், உடனே மேலே தெளிவான செலோ டேப்பை ஒட்டுங்கள். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமலிருந்தால், கடையில் ரெஸின் இறக்கி அடைத்துவிடுவார்கள். கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை. ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே இருந்தால் மட்டும் அடைத்தும் பிரயோஜனமில்லை, தழும்பு பார்வையைக் கெடுக்கும். பொத்தல் விட்ட கண்ணாடி வெயிலில் காய்ந்திருக்கும்போது ஏசிக் காற்றை நேரே திருப்பாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான அடுப்புமேடைக் கல்லில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகுமோ அதுதான்.

சில்லு கொட்டிவிட்டால் செருப்புப் போடாமல் கிட்டே போகக் கூடாது. சீமாற்றால் பெருக்கினபின், பிசைந்த கோதுமை மாவு ஓர் உருண்டை எடுத்து ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொடியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். மாவை ஆடு மாடு தின்னாதபடி பொதிந்து போடுங்கள். கண்ணில் தூள் விழுந்தால் கசக்கவே கூடாது. சுத்தமான தண்ணீரைச் சொட்டவிட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும். குத்தி நிற்கிற சில்லை நாமே பிடுங்கக் கூடாது.

கொழுந்தனார் கார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். துருவைச் சுரண்டிப் பற்றவைக்க டிங்கர் பட்டறையில் நாலு நாள். சிலிக்கான் பட்ட இடத்தில் பி.யூ. பிடிக்காது என்பதால், உக்கடத்துக் கண்ணாடியையும் தூரப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதாயிற்று. எவ்வளவு ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்களுக்கு மறந்துபோனது ஒன்றே ஒன்று. பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக் ஸ்டிக்கரும் போய்விட்டது. அதைப் பிய்த்து ஒட்ட முடியாது, பிய்த்தால் செத்துவிடும். 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் அது இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டும். அடுத்த வாரம் பெருந்துறை வழியாக ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், வழியில் விஜயமங்கலம் சுங்கச்சாவடி. பழைய ஸ்டிக்கர் கொடுத்த பாங்கிலேயே மாற்று கேட்டு எழுதினோம். சனிக்கிழமை வந்துவிட்டது. அதை ஒட்டுகிற வேலையை மட்டும் எங்கள் வீட்டுக்காரரும் மகனுமாகத் தாங்களே செய்தார்கள்.